கடற்கரை மணலில் மீன் சுடுவது: வாசகர் கேள்வி–பதில்

கடலோரச் சாப்பாடு பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்கள் பலவும் ஒன்றையேதான் சுற்றி வந்தன: மீனவர் ஊருக்குப் போய், அங்குள்ளவர்களோடு உட்கார்ந்து, மணலில் அடுப்பு மூட்டி மீன் சாப்பிடுவது எப்படி? மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரைகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். மற்ற கரைகளில் மீன் பெயரும் பருவமும் கொஞ்சம் மாறும், அடுப்பு மாறாது.

நாங்கள் 8 பேர். ராமநாதபுரம் பக்கம் ஒரு மீனவர் ஊரில், இரவில் தீ மூட்டி, ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன் சுட்டுச் சாப்பிட ஆசை. யாரிடம் கேட்பது, எப்படி ஏற்பாடு செய்வது?
– வாசகர், மதுரை

முதலில் இரவை விட்டுவிடுங்கள். நாட்டுப் படகுகளில் பெரும்பாலானவை மாலையில் போய் வலை விட்டு விடியலில் கரை சேர்பவை. மீன் இறங்குவது காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில். அன்றிரவு 8 மணிக்கு நீங்கள் சுடப்போவது 12 மணி நேரம் ஐஸில் கிடந்த மீன். அதைச் சாப்பிட மதுரையை விட்டுக் கிளம்ப வேண்டியதே இல்லை. காற்றும் காலைக்குத்தான் தோது. விடியற்காலையில் கரையிலிருந்து கடல் பக்கம் மெல்ல வீசும், புகையைத் தண்ணீர் மேல் தள்ளிக்கொண்டு போய்விடும். பிற்பகலில் கடல்காற்று ஏறினால் மீனில் பாதி மணல். இதையெல்லாம்விட முக்கியம், கடலிலிருந்து வந்தவர்களுக்குப் பசிக்கிற நேரம் காலைதான். இரவில் அவர்கள் கடலில் இருப்பார்கள். இல்லாவிட்டால் பின்னிரவில் எழ வேண்டும் என்று தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

முதல் நாள் மாலையே ஊருக்குப் போய்விடுங்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள்: “அண்ணே, நாளைக்குக் காலையில இங்கேயே மீன் வாங்கிச் சுட்டுச் சாப்பிடலாம்னு இருக்கோம். யார்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்?” ஊர்த் தலைவரையோ கமிட்டிக்காரரையோ கை காட்டுவார்கள். அவரிடம் கேட்டபிறகு இடத்தை அவர்களே சொல்லட்டும். எங்கே கருவாடு காயும், எந்தப் பக்கம் படகு ஏற்றுவார்கள், எங்கே பெட்ரோல் கேன் வைத்திருக்கிறார்கள் என்பது வெளியாளுக்குத் தெரியாது. ஃபைபர் படகிலிருந்தும் நைலான் வலையிலிருந்தும் குறைந்தது 30 மீட்டராவது தள்ளி, காற்று அவற்றை நோக்கி வீசாத பக்கத்தில் அடுப்பு இருக்க வேண்டும். ஒரு பொறி போதும், பல ஆயிரம் ரூபாய் வலை போய்விடும்.

மறுநாள் படகு வருமா என்பதையும் அப்போதே கேளுங்கள். கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப் படகுகளுக்கு 4 நாள் என்று ஒரு முறை நெடுநாளாக இருக்கிறது. உங்கள் விடுமுறை நாளும் அவர்கள் கடல் நாளும் ஒத்துப்போனால்தான் சாப்பாடு.

காலையில், வலையிலிருந்து மீன் கழற்றும்போது குறுக்கே போய் விலை கேட்காதீர்கள். அந்த மீன் ஏலத்துக்குப் போக வேண்டியது. படகுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரிக்குக் கணக்கு வைத்த மீனாகவும் இருக்கலாம். படகில் போனவர்கள் தங்கள் வீட்டுக் கறிக்கு எடுத்து வைப்பது தனி. அதை விலைக்குக் கேட்பது மரியாதை இல்லை. ஏலம் முடிந்து பெண்கள் கூறு கட்டி விற்பார்கள். அங்கே வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். கழுவி அரிந்து தரச் சொன்னால் அதற்குத் தனிக் கூலி.

உங்கள் 8 பேரோடு ஊர்க்காரர் 4 பேர் உட்காருவதாக வைத்துக்கொண்டால், சுட 3 கிலோ, குழம்புக்கு ஒன்றரைக் கிலோ மீன் போதும். முழு மீனில் தலை, முள், குடல் போகத் தின்னக் கிடைப்பது பாதிதான் என்பதால் இந்தக் கணக்கு. மீன் அவர்கள் கடலிலிருந்து வருகிறது. மற்ற எல்லாம் உங்களிடமிருந்து வரட்டும்: அரிசி, நல்லெண்ணெய், வெங்காயம், வாழை இலை, விறகு, 20 லிட்டர் குடிநீர் கேன் ஒன்று. கடலோர ஊர்கள் பலவற்றில் குடிநீர் குடம் கணக்கில் விலைக்கு வாங்குவது, அதைக் கேட்டு வாங்கிக் குடிக்காதீர்கள். மது பாட்டில் வேண்டாம். கரை பெண்கள் வேலை செய்யும் களம். உடைந்த கண்ணாடி வெறுங்காலில்தான் ஏறும்.

சுடுவதற்கு எந்த மீன் நல்லது? வஞ்சிரம் துண்டு வாங்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

வஞ்சிரம் தோசைக்கல்லுக்கு ஏற்ற மீன். துண்டு போட்டதைக் கனலில் வைத்தால் இரண்டு பக்கமும் வெட்டுவாய் திறந்து கிடக்க, சாறு முழுக்க வடிந்து சக்கையாகிவிடும். காசும் அதிகம். கனலுக்கு முழு மீன்தான் சரி, அதிலும் எண்ணெய்ச் சத்துள்ளது.

சாளை முதலிடம். மத்தி என்பதும் இதுதான். நெய் அதன் தோலுக்கடியிலேயே இருப்பதால் எதுவும் தடவாமலே வேகும். அடுத்தது கானாங்கெளுத்தி, தெற்கே அயலை என்பார்கள்; 150 முதல் 200 கிராம் எடையுள்ளதாகப் பாருங்கள். மூன்றாவது ஓரா. அந்தக் கரைக்காரர்கள் விரும்பிச் சுடுவது. தோல் கெட்டி, சதை வெள்ளை. ஆனால் முள்ளில் விஷம் உண்டு, கீழே அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது. சங்கரா, விளை மீன், சிறிய பாறை மூன்றும் அரைக் கிலோவுக்குள் இருந்தால் நன்றாக வரும். அதற்கு மேல் போனால் நடுமுள்ளுக்குப் பக்கத்தில் பச்சை நிற்கும்.

காரலும் நெத்திலியும் சுட ஆகாது, குழம்புக்கு அருமை. கரைவலை இழுக்கிற இடமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: மீன் உயிரோடு மணலில் விழும். விலை குறைந்த பொடிமீன்தான் அதிகம் இருக்கும், ருசியில் அதை மிஞ்ச எதுவும் இல்லை.

பெயரில் ஓர் எச்சரிக்கை. தூத்துக்குடிப் பக்கம் சீலா என்று கேட்டால் வஞ்சிரம் தருவார்கள். சென்னையில் சீலா என்றால் ஊளி. பெயரைச் சொல்லாமல் மீனைக் கை காட்டி வாங்கிவிடுங்கள். வலையில் வரும் பேத்தை மீனை, அதாவது உப்பிக்கொண்டு பந்து போலாகும் மீனை, யார் என்ன சொன்னாலும் அடுப்பில் ஏற்ற வேண்டாம். அதன் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

ஒவ்வொரு முறையும் தோல் கம்பியில் ஒட்டிக் கிழிந்துவிடுகிறது. வெளியே கருகியும் உள்ளே பச்சையாகவும் இருக்கிறது. என்ன தவறு?
– வாசகர், திருச்சி

இரண்டும் ஒரே தவறின் இரண்டு முகம்: அவசரம். எரிகிற தீயில் மீன் வைக்கிறீர்கள். சுடரின் சூடு ஒரு நிலையில் நிற்காது, காற்று அடிக்கும் பக்கம் சாயும், கரி பிடிக்கும். சுடர் முழுக்க அடங்கி, கங்கின் மேல் சாம்பல் வெள்ளையாகப் பூத்தபிறகுதான் அது சமையலுக்கான அடுப்பு. கொட்டாங்கச்சிக்கு இதற்கு 15 முதல் 20 நிமிடம், சவுக்கு விறகுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். பசியோடு இருப்பவர்கள் இந்த முக்கால் மணியைத்தான் பொறுக்க மாட்டார்கள். தீயை மூட்டிவிட்டு ஏலம் பார்க்கப் போவது நல்ல உத்தி, ஒருவர் மட்டும் காவல் இருந்தால்.

அடுப்பு அமைப்பது இப்படி. அலை கடைசியாகத் தொட்ட பாசிக் கோட்டுக்கு மேலே, காய்ந்த மணலில், ஒரு முழ நீளம், முக்கால் முழ அகலம், ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டுங்கள். அடியில் ஈர மணல் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள். ஈரம் ஆவியாகிச் சூட்டைத் தின்றுகொண்டே இருக்கும், கங்கு பாதியில் அணையும். குழிக்குள் பழைய தகரத் துண்டோ செங்கல்லோ பரப்பினால் இன்னும் நல்லது. தோண்டிய மணலைக் காற்று வரும் பக்கம் வரப்பாகக் குவித்து, அதன் மேல் நனைத்த சாக்கைப் போடுங்கள். பறக்கும் மணல் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குக் கீழேதான் ஓடும். சாக்கு அதைப் பிடித்துவிடும்.

3 கிலோ மீனுக்கு சவுக்கு விறகு 5 கிலோ, கொட்டாங்கச்சி 25 இருக்கட்டும். கொட்டாங்கச்சி மட்டும் போட்டால் சூடு உக்கிரமாக வந்து சீக்கிரம் தீரும். விறகுக் கங்கு நின்று வேலை செய்யும், கொட்டாங்கச்சி அவ்வப்போது ஊக்கம் கொடுக்கும்.

கம்பி வலையை இரண்டு பக்கமும் செங்கல்மேல் வைத்து, கங்குக்கு மேலே சாளைக்கு 8 செ.மீ., அரைக் கிலோ மீனுக்கு 15 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். சூட்டைக் கையாலேயே அளக்கலாம். கம்பியின் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி எண்ணுங்கள். 2 எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் சாளைக்கு மட்டும் ஆகும். 4, 5 வரை தாங்கினால் பெரிய மீனுக்குச் சரி. துத்தநாகம் பூசிய கம்பி வலையைத் தவிர்த்துவிடுங்கள். எலுமிச்சையோ புளியோ தடவிய மீன் அதில் படும்போது துத்தநாகம் கரைந்து மீனில் ஏறும். துருப்பிடிக்காத எஃகு, இல்லாவிட்டால் பழைய இரும்புக் கம்பி போதும்.

இனி ஒட்டுவது. கம்பி வெறுமையாக 5 நிமிடம் காய வேண்டும். பிறகு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுக் கம்பியில் தேய்க்க வேண்டும். மீனைத் துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். ஈரத் தோல் முதலில் வேகும், அப்புறம்தான் சுடும். வேகிற நேரத்தில்தான் பிடித்துக்கொள்கிறது. வைத்தபின் தொடாதீர்கள். தோல் மொறுமொறுப்பானதும் மீன் தானே கம்பியை விடும். லேசாகத் தூக்கிப் பார்த்து வரவில்லை என்றால் இன்னும் நேரமாகவில்லை. ஒரே ஒருமுறை திருப்பினால் போதும்.

தடிமனான இடத்தை அளந்து, ஓர் அங்குலத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 10 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சாளைக்குப் பக்கத்துக்கு 3 நிமிடம். வெந்ததற்கு அடையாளம்: கண் வெள்ளையாகி வெளியே பிதுங்கும், முதுகுத் துடுப்பை இழுத்தால் முள்ளோடு கையில் வரும். துடுப்பு வராத மீனை இறக்காதீர்கள்.

செதில் எடுக்க வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

சுடுவதற்கு வேண்டாம். செதில் கவசம் மாதிரி நின்று சாற்றைக் காக்கும். வெந்தபின் தோலோடு உரிந்து வந்துவிடும். செதிலோடு சுட்டால் தோலைத் தின்ன முடியாது, அவ்வளவுதான் நஷ்டம். சாளைக்கு மட்டும் விரலால் தேய்த்தாலே போகும், அதை எடுத்துவிட்டுத் தோலோடு சாப்பிடுங்கள்.

குடலும் செவுளும் கட்டாயம் எடுக்க வேண்டும், முதலில் கெடுவது அவைதான். நடுமுள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஓடும் இரத்தக் கோட்டை நகத்தால் சுரண்டுங்கள். கசப்பு அங்கேதான் இருக்கிறது.

மசாலா என்ன தடவுவது? எங்கள் வீட்டில் இஞ்சி, பூண்டு, மிளகாய், தயிர் எல்லாம் சேர்த்து இரவே ஊறவைப்போம்.
– வாசகர், சேலம்

அது கோழிக்குச் செய்கிற மரியாதை. கரையேறி ஒரு மணி நேரம் ஆகாத மீனுக்கு உப்பு போதும். ஒரு கிலோவுக்குக் கல்லுப்பு ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. மீனின் இருபுறமும் முள் வரை 3 கீறல் போட்டு, வயிற்றுக்குள்ளும் கீறலுக்குள்ளும் தேய்த்து 15 நிமிடம் வையுங்கள். தண்ணீர் விடும், அதை ஒற்றி எடுத்துவிட்டுச் சுடுங்கள்.

காரம் இல்லாமல் இறங்காது என்பவர்களுக்கு: மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு 5 பல், கெட்டிப் புளிக்கரைசல் 2 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. இதைக் குழைத்து வைத்துக்கொண்டு, மீன் முக்கால் பங்கு வெந்து கடைசி 3 நிமிடம் இருக்கும்போது தென்னங்குச்சிக் கட்டால் தடவுங்கள். முதலிலேயே பூசினால் மிளகாய்த்தூள் கங்கில் கருகிக் கசக்கும், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் இருமுவார்கள். முதலிலேயே பூசித்தான் ஆக வேண்டும் என்றால் வாழை இலையைத் தீயில் வாட்டி, அதில் பொதிந்து, நாரால் கட்டிச் சுடுங்கள். நேரம் ஒன்றரை மடங்கு ஆகும். எலுமிச்சைச் சாற்றில் அரை மணி நேரத்துக்கு மேல் மீனை விடாதீர்கள். சதை வெளுத்து மாவு மாதிரி உதிரும்.

காலை நேரத்தில் மணலில் சோறு வடிப்பது சாத்தியமா? எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி? கூடவே குழம்பும் வைக்க ஆசை.
– வாசகி, விருதுநகர்

சோறு வடிக்கவே வேண்டாம். கடலோரத்தில் காலைச் சாப்பாடு பழைய கஞ்சிதான், சுட்ட சாளைக்கு அதற்கு மேல் பொருத்தமான துணை கிடையாது. 12 பேருக்கு 2 கிலோ புழுங்கலரிசி. முதல் நாள் இரவு 9 மணிக்குள் வடித்து, நன்றாக ஆறியபின் மண்பானையில் போட்டு, சோறு மூழ்க நல்ல தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் கட்டுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் நொசநொசத்து நாறும். காலை 7 மணிக்கு உப்புப் போட்டுக் கையால் பிசைந்து, சின்ன வெங்காயம் கால் கிலோ உரித்துப் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. வெயில் காலத்தில் 9 மணிக்குள் தீர்த்துவிடுங்கள்.

குழம்புக்கு ஒன்றரைக் கிலோ மீன், அதில் பாதி தலையாக இருந்தாலும் பாதகமில்லை. புளி 60 கிராம், சின்ன வெங்காயம் 200 கிராம், தக்காளி 4, பச்சை மிளகாய் 5, மிளகாய்த்தூள் 3 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 4 மேசைக்கரண்டி, மஞ்சள் ஒரு தேக்கரண்டி, அரை மூடித் தேங்காய் அரைத்தது. தேங்காயை வீட்டிலேயே அரைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். நல்லெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, வெங்காயம் தக்காளி வதக்கி, தூளும் புளித்தண்ணீரும் ஊற்றி, பச்சை வாசம் போக 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். தேங்காய் சேர்த்து ஒரு கொதி, அப்புறம் மீன். 8 நிமிடத்தில் இறக்கிவிடலாம். மீன் போட்டபின் கரண்டி கூடாது, சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும்.

மணலில் மூன்று கல் வைத்தால் சட்டியின் கனத்தில் ஒரு கல் மட்டும் மெல்லப் புதையும், கொதிக்கிற குழம்பு ஒரு பக்கம் சாயும். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் ஒரு செங்கல்லைப் படுக்கவைத்தால் கனம் பரவும். அடுப்புக்கல்லாகக் கரையில் கிடக்கும் ஈரக் கல்லை எடுக்காதீர்கள். உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். கரையொதுங்கிய பவளப்பாறைத் துண்டையும் தொட வேண்டாம். பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது.

மீனவர்கள் கடல் தண்ணீரிலேயே மீன் கழுவுகிறார்கள். நாமும் அதிலேயே கழுவி, சமைக்கவும் சேர்க்கலாமா? உப்பு மிச்சமாகுமே!
– வாசகர், தஞ்சாவூர்

அவர்கள் ஆழக்கடலில் படகில் இருந்துகொண்டு கழுவுகிறார்கள். கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடையும் படகு எண்ணெயும் கலந்திருக்கும். மணல் அலசக்கூட நல்ல தண்ணீரே இருக்கட்டும். உப்புக் கணக்கும் சரிவராது. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, குழம்புக்கு வேண்டியதைப்போல 3 மடங்குக்கு மேல். அதோடு அந்த உப்பில் கசப்பும் உண்டு.

கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கட்டைகளை விறகாக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கூடாது. கடல்நீரில் ஊறிய கட்டை எரியும்போது உப்பிலுள்ள குளோரின் டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்களை உண்டாக்கும். பழைய படகுப் பலகையில் சாயமும் தாரும் இருக்கும், ஒட்டுப்பலகையில் பசை. சவுக்குத் தோப்பிலும் கை வைக்காதீர்கள். காற்றுத் தடுப்புக்காக வளர்த்தது, வனத்துறைக்கோ ஊருக்கோ சொந்தம். விறகுக் கடையில் வாங்கி வாருங்கள்.

மீன் கோக்கக் குச்சி ஒடிக்கும்போதும் கவனம். அரளிக் குச்சியில் நஞ்சு உண்டு. கழிமுகப் பக்கம் தில்லை மரம் நிற்கும். அதன் பால் பட்டால் கண் போகும், புகையும் கண்ணை எரிக்கும். தென்னை ஈர்க்கு அல்லது மூங்கில், வேறெதுவும் வேண்டாம்.

சூரை மீன் சுட்டுச் சாப்பிட்ட அரை மணியில் என் தம்பிக்கு முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலித்தது. ஆனால் அவனுக்கு மீன் ஒவ்வாமை கிடையாது. மீன் கெட்ட வாடையும் இல்லை.
– வாசகி, திண்டுக்கல்

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஹிஸ்டமின் நஞ்சேற்றத்துக்குப் பொருந்துகின்றன. சூரை, கானாங்கெளுத்தி, சாளை, நெத்திலி இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. மீன் சில மணி நேரம் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நாறத் தொடங்கும் முன்பே இது நடந்துவிடும். சுட்டாலும் வேகவைத்தாலும் ஐஸில் போட்டாலும் உண்டான ஹிஸ்டமின் போகாது. நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுரீரென்று பட்டால் அந்த வாயோடு நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஒவ்வாமைதானா என்பதை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாங்கிய மீன் அடுப்புக்குப் போகும்வரை நம் வெயிலில் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ் கணக்கு. மீன்மேல் மட்டும் தூவினால் போதாது: அடியில் ஒரு படுக்கை, மேலே ஒரு படுக்கை, வடியும் தண்ணீர் வெளியேற வழி.

ஓரா முள் குத்திவிட்டால் என்ன செய்வது?
– வாசகர், மதுரை

கடுக்கும், சில மணி நேரம் கடுக்கும். அதன் விஷம் சூட்டில் செயலிழப்பது. குத்திய கையை அல்லது காலைப் பொறுக்கக்கூடிய சுடுநீரில், சுமார் 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். தண்ணீர்ச் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். குத்திய கைக்கு அந்த நேரத்தில் சூடு சரியாகத் தெரியாமல் வெந்துபோகலாம். முள் உள்ளே ஒடிந்திருந்தாலும் வீக்கம் ஏறினாலும் மருத்துவரைப் பாருங்கள், டெட்டனஸ் தடுப்பூசியும் கேளுங்கள். கெளிற்றுக்கும் திருக்கை வால்முள்ளுக்கும் இதே முதலுதவிதான், ஆனால் திருக்கைக் காயம் ஆழமானது. அதற்கு ஆஸ்பத்திரி கட்டாயம். ஓராவின் முள்ளை வாங்கும் இடத்திலேயே கத்தரித்து வாங்கிவிடுங்கள். கூறு கட்டும் அக்காமார் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள், நாம் செய்யப் போனால் குத்தும்.

5 வயதுக் குழந்தைக்கு எந்த மீன் கொடுக்கலாம்? முள் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்கச் சொல்லலாமா?
– வாசகி, சிவகாசி

சாளை வேண்டாம், பொடிமுள் அதிகம். பாறையும் விளை மீனும் சரி: முள் பெரிது, சதை இதழ் இதழாகப் பிரியும். பகல் வெளிச்சத்தில் சாப்பிடுவதன் இன்னொரு லாபம் இது. சோற்று உருண்டை வேண்டவே வேண்டாம். முள்ளை இன்னும் ஆழமாகச் செருகிவிடும். தண்ணீர் குடித்தும் போகவில்லை, எச்சில் விழுங்க வலிக்கிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான்.

தீவில் போய்ச் சமைக்கலாம் என்று ஒரு படகுக்காரர் சொல்கிறார். தனுஷ்கோடியில் இரவு தங்கலாம் என்று இன்னொருவர்.
– வாசகர், பெங்களூரு

இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் காலே வைக்கக்கூடாது, தீ மூட்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிடிபட்டால் படகு போவது அந்தப் படகுக்காரருக்கு, பிழைப்பும் அவருக்கு. தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் வெளியூர்க்காரரை நிற்க விடுவதில்லை.

மற்ற கரைகளிலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவுத் தீ கெடுதல். பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம் அது. வெளிச்சம் பார்த்தால் தாய் திரும்பிப் போய்விடும்; பொரித்த குஞ்சுகள் கடலென்று நினைத்துத் தீயை நோக்கி ஊர்ந்து வரும். யாராவது கடல் அட்டையோ ஆமை முட்டையோ ருசி பார்க்கத் தருவதாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். சட்டப்படி இரண்டும் குற்றம்.

ஏப்ரல், மே விடுமுறையில்தான் வர முடியும். அப்போது தடைக்காலம் என்கிறார்களே?
– வாசகி, சென்னை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. நாட்டுப் படகும் கரைவலையும் அப்போதும் உண்டு. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை. உங்களுக்கு வேண்டியது நாட்டுப் படகு மீன்தான் என்பதால் தடைக்காலம் தடையில்லை. ஆனால் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும். ஐஸ் போட்டு வெளியூரிலிருந்து வந்த மீனைக் கரையிலேயே விற்பதும் நடக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள்: இரத்தச் சிவப்பாக இருந்தால் சரி, பழுப்பாக இருந்தால் அது பயணம் செய்த மீன்.

சாப்பிட்டு முடித்ததும் கங்கை மணல் போட்டு மூடிவிட்டால் போதுமல்லவா?
– வாசகர், புதுச்சேரி

அதுதான் ஆபத்து. மணலுக்கடியில் கங்கு பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும், மேலே அடையாளமே இருக்காது. மாலையில் வலை இழுக்க வெறுங்காலோடு வருபவர் அதில் மிதிப்பார். இரண்டு வாளி கடல் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி இரண்டு வாளி. குழியின் மணலைக் கையில் அள்ளிப் பார்த்துக் குளிர்ந்தபிறகு, கரியைச் சாக்கில் அள்ளிக்கொண்டு குழியை நிரவுங்கள். செங்கல்லையும் கம்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். குடலையும் முள்ளையும் கரையில் போட்டால் நாய் கூடும், கருவாடு காயப்போடுபவர்களுக்குத் தொல்லை. எங்கே கொட்டுவது என்று ஊரிலேயே கேளுங்கள்.

மீன் மிஞ்சிவிட்டால் ஊருக்கு எடுத்துப் போகலாமா?
– வாசகி, மதுரை

சுட்ட மீனை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். அதற்குள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. சுடாத மீன் என்றால் குடலெடுத்து, ஐஸில் புதைத்து, மதுரை வரை தாராளமாகக் கொண்டு போகலாம். வீடு சேர்ந்ததும் குழம்பாக வையுங்கள், சுட வேண்டாம்.